'டேக்' என்ற ஆங்கில வினை: பொருள்களை மனப்பாடம் செய்தும் பயன்படுத்த வரவில்லை

கேள்வி: குரோம்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, வணிகவியலில் பட்டம் பெற்று, கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. எழுதும்போதுதான் தடுமாறுகிறேன். அதிலும் பெரிய, அரிதான சொற்களைவிட, குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சின்னஞ்சிறு வினைகள்தாம் என்னை அதிகம் அலைக்கழிக்கின்றன.

சென்ற மாதம் கூட்டம் ஒன்றின் நடவடிக்கைக் குறிப்பை எழுதினேன். 'தி மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ் ஆன் மண்டே' என்று தொடங்கினேன். அதே பக்கத்தில் 'வீ வில் டேக் மோர் எஃபர்ட்' என்றும் 'ஐ டுக் ஜெராக்ஸ் ஆஃப் ஆல் பில்ஸ்' என்றும் எழுதியிருந்தேன். மேலாளர் மூன்றையும் அடித்துத் திருத்தி அனுப்பினார். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் ஏன் தவறு என்று விளக்கவும் அவருக்கு நேரமில்லை. மூன்றிலும் 'டேக்' இருந்ததைக் கவனித்த பிறகு, அந்த ஒரு வினையை முழுமையாகக் கற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து குரோம்பேட்டையில் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கும் வரையிலான இருபது நிமிடங்களை அதற்கே ஒதுக்கி, ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றில் 'டேக்' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த பொருள்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். எடு, பிடி, பெறு, ஏற்றுக்கொள், கொண்டு செல், அழைத்துச் செல், உட்கொள், தேவைப்படு என்று ஏறத்தாழ முப்பது பொருள்களை இப்போது என்னால் ஒப்பிக்க முடியும். ஆனால் ஒரு வாக்கியத்தை எழுதத் தொடங்கினால் அந்த முப்பதும் எனக்கு உதவுவதில்லை. மீண்டும் தமிழில் 'எடு' என்று வரும் இடங்களிலெல்லாம் 'டேக்' என்றே எழுதிவிடுகிறேன்.

என் முறையில் எங்கே பிழை இருக்கிறது? ஒரு வினையின் பொருள்களையும், அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதையும், தமிழ் மட்டுமே இயல்பாக வரும் ஒருவர் எந்த வழியில் கற்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: மயிலை ஆசிரியர், பணி ஓய்வு

அம்மா, தங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த எனக்கு, தாங்கள் செய்த மூன்று பிழைகளும் மிகப் பழகியவை. அவை கவனக்குறைவால் வந்தவை அல்ல. தமிழ் தங்களுக்கு நன்றாக வருகிறது என்பதால் வந்தவை. 'முயற்சி எடுக்கிறோம்', 'ஜெராக்ஸ் எடுத்தேன்' என்று தமிழில் சொல்வது நமக்கு இயல்பாக இருக்கிறது; அந்த 'எடு'வைப் பெயர்த்து ஆங்கிலத்தில் வைத்தீர்கள். ஆங்கிலத்திலோ முயற்சிக்கு உரிய வினை 'மேக்'. 'மேக் அன் எஃபர்ட்' என்பதே வழக்கு. நகலுக்கும் அதே வினைதான்: 'மேக் எ காப்பி'.

தாங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் 'வினைமரபு' என்று ஒரு பகுதி படித்திருப்பீர்கள். சோறு உண்டான், முறுக்குத் தின்றான், தண்ணீர் குடித்தான், பால் பருகினாள், மாத்திரை விழுங்கினான், கூடை முடைந்தார், சுவர் எழுப்பினார், அம்பு எய்தார் என்று வரும். கூடை 'கட்டினார்' என்று எழுதினால் பொருள் ஒருவாறு புரியும். ஆனாலும் ஆசிரியர் மதிப்பெண் தர மாட்டார். ஏன் 'முடை' என்று கேட்டால், மரபு அப்படி என்பதுதான் விடை. ஆங்கிலத்தில் 'கொலோக்கேஷன்' என்று சொல்லப்படுவது இந்த மரபேயன்றி வேறில்லை. நாம் அதைச் சொற்சேர்க்கை என்று அழைக்கலாம்.

தொல்காப்பியர் இதற்கு நூற்பாவே வகுத்திருக்கிறார். 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்பது சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் உள்ளது. உணவைக் குறிக்கும் 'அடிசில்' என்ற சொல்லை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அதில் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய நான்கும் அடங்கும். ஆகவே 'அடிசில் தின்றார்' என்று ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்கக் கூடாது, நான்குக்கும் பொதுவான 'அயின்றார்' போன்ற வினையைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பெயருக்கு எந்த வினை என்ற கேள்வியை நம் இலக்கணம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கும்போது, ஆங்கிலத்தின் மரபு நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை என்று வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன். இந்த ஒப்பீட்டைச் சொன்ன பிறகு மாணவர்களின் முகத்திலிருந்த அச்சம் குறைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனித் தங்கள் முறைக்கு வருகிறேன். வினையைத் தலைப்பாக வைத்து அதன் கீழே பொருள்களை அடுக்கினீர்கள். எழுதும்போது நம் மனத்தில் முதலில் தோன்றுவது வினை அன்று, பெயர். முயற்சி, முடிவு, புகைப்படம், ஓய்வு, பொறுப்பு என்று ஒரு பெயர் தோன்றுகிறது. அதற்குப் பிறகுதான் வினையைத் தேடுகிறோம். எனவே குறிப்பேட்டையும் பெயர்வழியாகவே அமைக்க வேண்டும். 'எஃபர்ட்' என்ற பக்கத்தில் 'மேக்' இருக்கட்டும். 'டிசிஷன்' என்ற பக்கத்தில் 'மேக்', 'டேக்' இரண்டும் இருக்கட்டும். பிரிட்டிஷ் வழக்கிலும் நம் நாட்டு வழக்கிலும் இரண்டும் சரி, அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'மேக்' என்பார்கள். 'ஃபோட்டோ' என்ற பக்கத்தில் 'டேக்' இருக்கட்டும். 'மார்க்ஸ்' என்ற பக்கத்தில் 'கெட்' அல்லது 'ஸ்கோர்' இருக்கட்டும். மதிப்பெண் 'எடுப்பது' தமிழில் மட்டுமே.

நம் 'எடு' எத்தனை இடங்களுக்குப் போகிறது என்பதை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போகிறோம்; அங்கே அது விலை கொடுத்து வாங்குவது. அதை அப்படியே 'வீ வென்ட் டு டேக் கிளோத்ஸ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், வீட்டில் இருந்த துணியை எடுத்துவரப் போனதாகவோ, கேட்பவரைப் பொறுத்து அதைவிடத் தவறாகவோ பொருள்படும். 'பை' என்பதே வேண்டும். ஓட்டுநரிடம் 'வண்டியை எடுங்கள்' என்றால் புறப்படச் சொல்கிறோம். பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறான், பாம்பு படம் எடுக்கிறது என்பவற்றில் ஆங்கில 'டேக்' ஒன்றில்கூட நிற்காது. இதே 'படம் எடு' என்பதைக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் 'டேக் எ ஃபோட்டோ' ஆகிறது. கோடம்பாக்கத்தில் நின்று சொன்னால் 'மேக் எ ஃபிலிம்' ஆகிறது. தமிழில் ஒரே தொடர். ஆங்கிலத்தில் இரண்டு வினைகள்.

பெயரையும் வினையையும் மட்டும் எழுதினால் போதாது. பெயருக்கு முன்னால் 'எ' உண்டா, பின்னால் எந்த முன்னிடைச்சொல் வருகிறது என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 'டேக் எ லுக் அட்', 'டேக் எ பிரேக் ஃப்ரம்', 'டேக் எ ரிஸ்க்' என்பவற்றில் 'எ' உண்டு. 'டேக் பிளேஸ்', 'டேக் பார்ட் இன்', 'டேக் கேர் ஆஃப்', 'டேக் சார்ஜ் ஆஃப்' என்பவற்றில் இல்லை. ஓர் எழுத்துக்கூடப் பொருளை மாற்றிவிடும்: 'டேக் நோட் ஆஃப்' என்றால் ஒன்றைக் கவனத்தில் கொள்வது, 'டேக் நோட்ஸ்' என்றால் குறிப்பெடுப்பது.

தங்கள் முதல் பிழை சற்று வேறானது. 'டேக் பிளேஸ்' என்பதற்கு நடைபெறு என்று பொருள். கூட்டத்தை நாம் நடத்துகிறோம் என்ற எண்ணத்தில் 'வாஸ் டேக்கன்' என்று செயப்பாட்டு வினையாக்கினீர்கள். அந்தத் தொடருக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. 'தி மீட்டிங் டுக் பிளேஸ் ஆன் மண்டே' என்பதே சரி. நடத்தியதை அழுத்திச் சொல்ல விரும்பினால் 'வாஸ் ஹெல்டு' என்று எழுதுங்கள்.


பதில் 2: அண்ணாநகர் மொழிபெயர்ப்பாளர்

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் உழன்ற பிறகு எனக்குப் புலப்பட்ட ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். 'டேக்' என்றால் 'எடு' என்று முதல் வகுப்பிலேயே நமக்குக் கற்பித்துவிடுகிறார்கள். சிக்கலின் வேர் அந்தச் சமன்பாட்டில்தான் இருக்கிறது. 'டேக்' என்ற சொல்லுக்குத் தமிழில் உண்மையான உறவு 'எடு' அன்று, 'கொள்' என்பதே என் கருத்து.

'எடு' என்ற வினையின் அடியில் உயர்த்துதல், தூக்குதல் என்ற எண்ணம் இருக்கிறது. மூக்கு எடுப்பாக இருக்கிறது, எடுப்பான தோற்றம் என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் தெரிகிறது. 'கொள்' என்பதோ தன்பால் பெறுதல். நெல் கொள்முதல் நிலையம் என்ற பெயரிலும், கொள்வினை கொடுப்பினை என்ற வழக்கிலும் அது கொடுத்தலுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'கிவ்' என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் 'டேக்' நிற்பதும் அவ்வாறே.

இப்போது இந்தத் தொடர்களைப் பாருங்கள். 'டேக் பார்ட் இன்' என்றால் கலந்துகொள். 'டேக் கேர் ஆஃப்' என்றால் பார்த்துக்கொள். 'டேக் ஆன்' என்றால் மேற்கொள், ஏற்றுக்கொள். 'டேக் இன்டு அக்கவுண்ட்' என்றால் கருத்தில் கொள். 'டேக் பிட்டி ஆன்' என்றால் இரக்கம் கொள். 'டேக் பிரைட் இன்' என்றால் பெருமை கொள். 'டேக் ஆஃபென்ஸ் அட்' என்பதைக்கூடக் கோபித்துக்கொள் என்றே சொல்கிறோம். இவற்றில் ஒன்றிலாவது 'எடு' இருக்கிறதா? ஆங்கிலத்தில் எங்கெல்லாம் ஒரு செயலோ உணர்வோ பொறுப்போ ஒருவர்பால் வந்து சேர்கிறதோ, அங்கெல்லாம் 'டேக்' வரக்கூடும். தமிழில் அதே இடத்தில் 'கொள்' துணைவினையாகவோ முதல்வினையாகவோ வந்து நிற்கும். முப்பது பொருள்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு உணர்வைப் பிடித்துக்கொண்டால் புதிய தொடரைப் படிக்கும்போது ஊகிக்க முடியும்.

ஆனால் இதை எழுதுவதற்கான விதியாகக் கொள்ள வேண்டாம் என்று கட்டாயம் எச்சரிக்க வேண்டும். 'நட்பு கொள்' என்பது ஆங்கிலத்தில் 'மேக் ஃப்ரண்ட்ஸ்', 'காதல் கொள்' என்பது 'ஃபால் இன் லவ்', 'தொடர்பு கொள்' என்பது 'காண்டாக்ட்' அல்லது 'கெட் இன் டச்'. படித்துப் புரிந்துகொள்வதற்குக் 'கொள்' உதவும். எழுதுவதற்கு ஐயா சொன்ன பெயர்வழிக் குறிப்பேடுதான் துணை.

சில 'டேக்' தொடர்களுக்கு நாம் வேறு வினைகளைப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பார்த்துவிடுங்கள். 'டேக் எ பஸ்' என்பதைப் பேருந்து பிடித்தேன் என்கிறோம். காலத்தைச் சொல்லும்போதும் இதே 'பிடி' வருகிறது: குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு இருபது நிமிடம் பிடிக்கும் என்பது 'இட் டேக்ஸ் டுவென்டி மினிட்ஸ்'. இப்போது செய்தித்தாள்களிலும் 'இருபது நிமிடம் எடுக்கும்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது ஆங்கிலத்திலிருந்து வந்த நிழல். 'பிடிக்கும்', 'ஆகும்' என்ற நல்ல சொற்கள் இருக்கும்போது அது எனக்கு வருத்தமளிக்கிறது. தாங்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு 'எடு'வைக் கொண்டுபோனதும், அவர்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 'டேக்'கைக் கொண்டுவருவதும் ஒரே பிழையின் இரு திசைகள்.

சொல்லின் வரலாற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நினைவில் நிறுத்த உதவுகிறது. 'டேக்' ஆங்கிலத்தின் பூர்விகச் சொல் அன்று. வடபுலத்திலிருந்து இங்கிலாந்தில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் இருந்த 'டாக்கா' என்ற வினை அது. அதற்கு முன் ஆங்கிலேயர் இதே பொருளில் 'நிமன்' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். ஜெர்மனில் அதன் உறவான 'நேமென்' இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழைய வினை மறைந்துவிட்டது. அதன் எச்சம் 'நம்ப்' என்ற சொல்லில் இருக்கிறது. உணர்ச்சி கொள்ளப்பட்டுப் போன, அதாவது மரத்துப்போன நிலை. வந்தேறிய ஒரு சொல் வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு இத்தனை பெயர்களோடு உறவு வைத்துக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அகராதி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில–தமிழ் அகராதி பொருளைத் தரும், சேர்க்கையைத் தராது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதியைப் பயன்படுத்துங்கள். ஹரால்டு பால்மர் 1933இல் டோக்கியோவில் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஹார்ன்பியின் கற்போர் அகராதி 1942இல் அதே நகரில் வெளிவந்தது. ஜப்பானிய மாணவர்கள் நம்மைப் போலவே திணறியதைப் பார்த்துப் பிறந்த முயற்சிகள் அவை. பிர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் குழுவினர், மக்கள் உண்மையில் எழுதியவற்றைக் கணினியில் திரட்டி 1987இல் கோபில்டு அகராதியைக் கொண்டுவந்தார்கள். சொற்சேர்க்கைகளுக்கென்றே தனி அகராதிகளும் இப்போது உள்ளன. அவற்றில் பெயரைத் தேடினால் அதற்கு உரிய வினைகள் வரிசையாகக் கிடைக்கும். விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ சென்று, இத்தகைய அகராதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சொல்லைப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.


பதில் 3: ராயபுரம் மருந்தாளுநர்

மற்றவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். என் தொழிலில் தினமும் காணும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம் அல்லது போட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'ஈட்' என்றோ 'புட்' என்றோ சொல்லக் கூடாது, 'டேக்' என்பதே மரபு. இருமல் மருந்து திரவமாக இருந்தாலும் 'டேக்' தான், 'டிரிங்க்' அன்று. மருந்துச் சீட்டுகளில் 'டேக் ஆஃப்டர் ஃபுட்' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உணவுக்கு மட்டும் இந்த வினையை நீட்ட வேண்டாம். 'ஐ டுக் மை லஞ்ச்' என்று நம்மவர் பலர் சொல்கிறார்கள், 'ஹேட் லஞ்ச்' என்பதே இன்றைய இயல்பான வழக்கு.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. 'நேற்று எக்ஸ்ரே எடுத்தேன்' என்று நோயாளி சொல்கிறார். 'எக்ஸ்ரே எடுத்தேன்' என்று அதை எடுத்த பணியாளரும் சொல்கிறார். தமிழில் இருவருக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் எடுத்தவர்தான் 'டேக்' என்று சொல்ல முடியும். நோயாளி 'ஐ ஹேட் அன் எக்ஸ்ரே' என்று சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கும் இதுவே. ரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைச் செவிலியர் 'டேக்' செய்கிறார். ஊசியை மருத்துவர் 'கிவ்' செய்கிறார்.


குரோம்பேட்டை வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வினைமரபுப் பாடத்தை நான் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே பாடம் ஆங்கிலம் எழுத உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை. குறிப்பேட்டைப் பெயர்வழியாக மாற்றத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 'எஃபர்ட்', இரண்டாம் பக்கத்தில் 'காப்பி' என்று எழுதியிருக்கிறேன். என்னுடைய பழைய மின்னஞ்சல்களிலிருந்தே பெயர்களைத் திரட்டுகிறேன்.

மருந்தாளுநர் எக்ஸ்ரே பற்றிச் சொன்னதிலிருந்து ஓர் ஐயம் எழுகிறது. என் தோழி பல்லாவரத்தில் மாலை நேரத்தில் கணக்கியல் வகுப்பு எடுக்கிறார். 'ஷீ டேக்ஸ் கிளாஸஸ்' என்று நான் எழுதினால் அவர் கற்பிக்கிறார் என்று பொருள்படுமா, கற்கிறார் என்று பொருள்படுமா? எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கற்பிப்பதற்கே அப்படிச் சொல்கிறார்கள்.


பதில் 4: பெருங்குடி மென்பொருள் பணியாளர்

சகோதரி, இந்தத் தொடரால் நான் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் என்பதால் பதில் சொல்கிறேன். எங்கள் குழுவில் புதியவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் நான் பாடம் நடத்துகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் 'ஐ டேக் கிளாஸஸ் எவ்ரி சாட்டர்டே' என்று சொன்னேன். 'என்ன பாடம் படிக்கிறீர்கள்?' என்று அவர் அன்போடு கேட்டார். அமெரிக்க வழக்கில் 'டேக் எ கிளாஸ்' என்றால் மாணவராக வகுப்பில் சேர்ந்திருப்பது. கற்பிப்பவருக்கு 'டீச்' என்ற வினையே உரியது. நான் விளக்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

ஆயினும் இதைப் பிழை என்று மட்டும் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் 'ஹூ இஸ் டேக்கிங் தி கிளாஸ்?' என்று கேட்டால் யாருக்கும் ஐயம் வராது. தலைமுறைகளாக இங்கே வழங்கிவரும் ஆங்கிலமும் ஓர் ஆங்கிலம்தான். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத் தேர்ந்துகொள்வதே முறை என்று நினைக்கிறேன்.


மயிலை ஆசிரியர், பணி ஓய்வு

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் 'டேக் எ கிளாஸ்' என்று சொல்வது பிரிட்டனிலும் வழக்கில் உள்ளதுதான். ஆகவே அதை நான் பிழை என்று திருத்தியதில்லை. ஆனால் 'டேக் எஃபர்ட்' என்பதை அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். முன்னதில் இரண்டு நாட்டு மரபுகள் மோதுகின்றன. பின்னதில் எந்த நாட்டு ஆங்கிலமும் எழுத்தில் ஏற்காத ஒரு தமிழ்த் தொடர் ஆங்கில உடையில் நிற்கிறது. அலுவலகக் கடிதத்தில் இரு பொருளுக்கு இடமளிக்காமல் 'ஷீ டீச்சஸ் அக்கவுண்டன்ஸி' என்று எழுதிவிடுங்கள், அம்மா. அதை எந்த நாட்டவரும் ஒரே பொருளில் படிப்பார்கள்.

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் தங்கள் வேலையிலிருந்தே ஓர் உண்மையான வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். நான்காம் நாள் தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தை எழுதிப் பாருங்கள். எழுதியவற்றை இங்கே இட்டால் திருத்தித் தருகிறேன்.


குரோம்பேட்டை வாசகி

ஐயா, நான்கு நாள்களுக்குப் பிறகு வருகிறேன். பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினேன். அவற்றில் எனக்கு ஐயமுள்ள நான்கை மட்டும் இங்கே இடுகிறேன்.

'தி ஆடிட் வில் டேக் பிளேஸ் இன் ஏப்ரல்.'

'வீ மஸ்ட் டேக் தி டிஸ்கவுண்ட் இன்டு அக்கவுண்ட்.'

'தி ஆடிட் வில் டேக் த்ரீ டேஸ்.'

'அவர் மேனேஜர் டேக்ஸ் இன்ட்ரஸ்ட் இன் அவர் ட்ரெயினிங்.'


மயிலை ஆசிரியர், பணி ஓய்வு

முதல் மூன்றும் பழுதில்லாதவை, அம்மா. முதல் வாக்கியத்திலும் மூன்றாம் வாக்கியத்திலும் தணிக்கையே எழுவாயாக நின்று, ஒன்றில் நடைபெறுவதையும் மற்றொன்றில் நாள் பிடிப்பதையும் அதே வினை சொல்வதைத் தாங்களே அமைத்துவிட்டீர்கள்.

நான்காம் வாக்கியத்தில் 'டேக்ஸ் அன் இன்ட்ரஸ்ட் இன்' என்று 'அன்' சேர்க்க வேண்டும். பெருமைக்கும் இரக்கத்துக்கும் அது தேவையில்லை, அக்கறைக்குத் தேவை. 'கிரேட்' என்ற அடைமொழி சேர்ந்தாலும் 'எ கிரேட் இன்ட்ரஸ்ட்' என்றே வரும். 'இன்ட்ரஸ்ட்' பக்கத்தில் 'அன்' என்பதைச் சிவப்பு மையால் எழுதிவையுங்கள். தங்கள் பிரிவில் அதே சொல் வட்டி என்ற பொருளில் 'அன்' இல்லாமல் நாள்தோறும் கண்ணில் படும் என்பதால், இது எளிதில் நழுவும் இடம். மீதி எட்டு வாக்கியங்களையும் இடுங்கள், பார்க்கிறேன்.